குளிர்கால விருந்தாளிகளுக்கு ஒரு வரவேற்புப் பத்திரம்

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதுதான் என்னிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம். தெரியாதவன் நாலு பேரைக் கேட்டுக்கொள்வான். நான் கேட்க மாட்டேன்.

பினாங்கில் ஒரு துரையிடம் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்தேன். ஜெலுத்தோங்கில் எனக்குப் பேசியிருந்த பெண்ணின் அப்பா, வேலை நிரந்தரமானால்தான் நிச்சயதார்த்தம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். பெண்ணை மாதா கோயிலில் இரண்டு தடவை பார்த்திருந்தேன். மூன்றாம் தடவை பார்ப்பதற்குள் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த டிசம்பரில் துரை ஒரு சீட்டு எழுதி என் மேஜையில் வைத்தார். லங்காவிப் பக்கத்து வடக்குத் தீவுக்கு ‘விண்டர் விசிட்டர்ஸ்’ வந்துவிட்டார்கள், சனிக்கிழமை பார்க்கப் போகிறோம், படகும் சாப்பாடும் ஏற்பாடு செய். எங்கிருந்து வருகிறார்கள் என்று மட்டும் கேட்டேன். சைபீரியா என்றார். ருஷ்யாவில் ராஜாவைக் கவிழ்த்துவிட்டார்கள் என்று பேப்பரில் படித்திருந்தேன். தப்பி வந்த ராஜ குடும்பம்தான் ரகசியமாகத் தீவில் தங்கியிருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

பெரிய மனிதர்கள் வந்தால் நம் ஆட்கள் மாலை போட்டு வரவேற்புப் பத்திரம் வாசிப்பார்கள். மூன்று நாள் உட்கார்ந்து எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டேன். ராஜ குடும்பத்துக்குத் தமிழ் தெரியாதே என்பது அப்போது தோன்றவில்லை. மாலை பிடிக்கப் பெண்ணின் அப்பாவையே கூப்பிட்டேன். துரைக்கும் எனக்கும் உள்ள நெருக்கத்தை அவர் கண்ணால் பார்க்கட்டும் என்று ஆசை. குளிர்காலம் என்று சீட்டில் இருந்ததால் இருவரும் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டோம். படகில் வேர்த்து ஊற்றியது. அரைக்கால் சட்டையில் இருந்த துரை எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

தீவில் இறங்கினால் வெறும் சேறு. சேறு முழுக்க உள்ளான் குருவிகள். துரை தூரக்கண்ணாடியோடு குப்புறப் படுத்தார். விருந்தாளிகள் மரங்களுக்குப் பின்னால் இருக்கிறார்கள், துரை சாஷ்டாங்கமாக விழுந்து மரியாதை செய்கிறார் என்று நினைத்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு பிரசங்கக் குரலில் ஆரம்பித்தேன்.

“பனி சூழ்ந்த தேசம் விட்டு, கடல் பல கடந்து, இந்த எளிய தீவில் வந்திறங்கிய மேன்மை தங்கிய விருந்தாளிகளே...”

அத்தனை உள்ளானும் ஒரேயடியாகக் கிளம்பி வானத்துக்குப் போய்விட்டன.

துரை எழுந்தார். முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. அவர் மேலே காட்டிய விரலைப் பார்த்தபோதுதான் விருந்தாளிகள் யார் என்று விளங்கியது. வேலை போயிற்று, பெண்ணும் போயிற்று, அதுவும் பெண்ணின் அப்பா முன்னாலேயே. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கையில் என்ன என்று துரை கேட்டார். வரி வரியாக இங்கிலீஷில் சொன்னேன். பயணக் களைப்புத் தீரத் தங்குங்கள், எம் மண்ணில் கிடைப்பதை உண்ணுங்கள், ஆண்டுதோறும் தவறாமல் வாருங்கள். ஒரு வரிகூடத் தப்பில்லையே என்று சொல்லிவிட்டுத் துரை சேற்றிலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குள் உள்ளான்களும் வட்டமடித்துத் திரும்பி இறங்கின. அடுத்த வருஷமும் நீ வர வேண்டும், ஆனால் மனசுக்குள் வாசி என்றார்.

பெண்ணின் அப்பாவுக்கு இங்கிலீஷ் அரைகுறை. துரை என்ன சொல்கிறார் என்று கேட்டார். அடுத்த வருஷமும் வரச் சொல்கிறார் என்றேன்.

“அடுத்த வருஷமுமா? அப்ப வேலை நிலைச்சிருச்சுலா, தம்பி,” என்றவர், காலையிலிருந்து கையில் பிடித்திருந்த வாடிய மாலையை அங்கேயே என் கழுத்தில் போட்டுவிட்டார்.

அதன் பிறகு பல டிசம்பர்கள் அந்தத் தீவுக்குப் போனேன். உள்ளான்களுக்கு முன்னால் இருமக்கூட மாட்டேன். வீட்டில்தான் மானம் போகும். எங்கள் நிச்சயதார்த்தம் எப்படி நடந்தது என்று யாராவது கேட்டால் போதும், என் மனைவி முந்திக்கொள்வாள்.

“அது குருவிக்கு வாங்கின மாலைலா.”