இரண்டு பனை தெரிந்த படம்

எங்கள் தோட்டம் சிங்காநல்லூருக்குக் கிழக்கே. தொண்ணூறுகளில் நானும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டபோது எல்லைக்கு அத்து என்று வைத்தது ஒரு பனைமரத்தை. பனைக்கு மேற்கே அவனுக்கு, கிழக்கே எனக்கு. ஒரு தடவை அதில் இடி விழுந்தும் பட்டுப்போகவில்லை. அது வேறு கதை.

வேலி போட்டால் தோட்டம் இரண்டாகிவிடும், அதற்குள் முழுசாக ஒரு படம் எடுத்து வைப்போம் என்றார் தங்கை வீட்டுக்காரர். ஆர்.எஸ்.புரத்தில் படம் பிடிக்கும் கடை வைத்திருந்தார். தூரத்து மில் புகைபோக்கியைக் கிட்டத்தில் இழுத்துக் காட்டும் நீள லென்ஸ் ஒன்று அவரிடம் இருந்தது. அதில் ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான் விழும். மோட்டார் ரூம் மொட்டை மாடியில் நின்று துண்டு துண்டாக எடுத்து, ஒட்டிக் கொடுத்தார்.

படத்தைப் பார்த்த தம்பிக்கு முகம் செத்துப்போயிற்று. புகைபோக்கிக்குக் கிழக்கே ஒரு பனை. மேற்கே, அவன் பங்கில், இன்னொரு பனை.

"அண்ணா, அத்துப் பனைய என்ர காட்டுக்குள்ள நட்டுப்போட்டயா?"

பேச்சு வந்த நாள் முதலாக மரியாதைக்குச் சேர்க்கும் 'ங்' போடாமல் என்னைக் கூப்பிட்டதில்லை அவன்.

"ஏன்டா, பனைக்குக் காலா இருக்குது?"

"காலில்லாமயா இங்க வந்து நிக்குது? நாளைக்கு இந்தப் படத்தைக் காட்டி, அத்து இதுதான்னு சொல்லுவ."

போய்விட்டான். எனக்குப் படிப்பில்லை. படம் பொய் சொல்லாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வெயிலில் நடந்து போய்ப் பனையைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுதான். சுற்றி வந்தும் பார்த்தேன்.

மறுநாள் தங்கை மாப்பிள்ளை வந்து தம்பியையும் மாடிக்கு இழுத்து வந்தார்.

"மச்சான், பனை மறைக்குதுன்னு ஸ்டாண்டைத் தூக்கித் தள்ளி வெச்சு அடுத்த படம் எடுத்துப்போட்டனுங்க. தூரத்துப் புகைபோக்கி அசையல. கிட்ட இருக்கற பனை தாவிப்போச்சு."

"மரம் தாவுமாக்கும்!" என்றான் தம்பி.

மாப்பிள்ளை ஸ்டாண்டை ஒரே இடத்தில் ஊன்றினார். ஆனாலும் கேமராவைத் திருப்பினால் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த லென்ஸ், மாடு தலையை ஆட்டுவது போல இடம் மாறியது. ஸ்டாண்டின் மேல் ஒரு பலகையை வைத்து, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளினார். திருப்பிப் பார்ப்பார், பனை புகைபோக்கியை விட்டு விலகும், இன்னும் தள்ளுவார். கடைசியில் லென்ஸ் நின்ற இடத்திலேயே திரும்பியது.

"இப்பப் பாருங்க மச்சான். நீங்களே திருப்புங்க."

தம்பி ஒரு கண்ணை மூடிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான்.

"பனையும் புகைபோக்கியும் ஒட்டுனாப்பல ஒன்னாவே போகுதுங்ணா," என்றான், கண்ணை எடுக்காமல். "ஒத்தப் பனைதானுங்ணா."

அந்த 'ங்' திரும்பி வந்திருந்தது. மாடித் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.