வாங்காதே என்று சொன்ன கோமதி அக்கா

கோமதி அக்கா இறந்த செய்தி அவருடைய எண்ணிலிருந்தே வந்தது. இந்த மராத்தி ஊரின் ஔந்துப் பகுதியில் இருக்கும் என் வீட்டைப் பூட்டிவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா இன்று அதிகாலை மாரடைப்பில் காலமானார் என்று ஆங்கிலத்தில் இரண்டே வரி. நான் நம்பவில்லை. யாரோ அவருடைய வாட்ஸ்அப்பைத் திருடிவிட்டார்கள், அடுத்த வரியில் பணம் கேட்பார்கள் என்றுதான் நினைத்தேன். பதில் போடாமல் ஜாபர் பாயை அழைத்தேன். ஆம்பூர்க்காரர், வானவடியில் தோல் பை கடை வைத்திருப்பவர்.

"எனக்கும் வந்துச்சு செந்தில். ஏமாத்து வேலைன்னு நானும் சும்மா இருந்துட்டேன். எதுக்கும் நேர்ல போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

வானவடியிலிருந்து அக்கா வீடு இருக்கும் நிக்டிக்குப் போய்ச் சேர அவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. "உண்மைதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். நேரில் போய்ச் சரிபார்த்த பிறகே நம்பினோம் என்று தெரிந்திருந்தால் அக்கா எங்களைக் குறை சொல்லியிருக்க மாட்டார்.

நிக்டித் தமிழர்களில் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அம்பாசமுத்திரத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். பிம்பிரியில் ஒரு தொழிற்சாலையில், வெளியிலிருந்து வரும் உதிரிபாகங்களைச் சோதித்து வாங்கும் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தார். பெட்டியைத் திறப்பது, அளந்து பார்ப்பது, சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. காய்கறிக்காரரிடம் மராத்தியில் பேசும்போதும், எங்களிடம் நெல்லைத் தமிழில் பேசும்போதும் ஒரு சாமானை அளந்து பார்ப்பது போலத்தான் நம்மைப் பார்ப்பார். எங்களுக்குப் பழக்கமானபோது கணவர் இறந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள்.

அவரை நான் முதலில் பார்த்தது ஔந்தில் ஒரு ஓட்டலில் நடந்த இலவச முதலீட்டுக் கூட்டத்தில். சந்தை விழத் தொடங்கியிருந்த சமயம். கோட்டு போட்ட ஒருவர், இந்த வீழ்ச்சி கடவுள் கொடுத்த தள்ளுபடி, இன்று வாங்காதவர்கள் நாளை வருந்துவார்கள் என்று இந்தியில் முழங்கிக்கொண்டிருந்தார். பின்வரிசையிலிருந்து பருத்திப் புடவையில் ஒரு பெண் எழுந்தார். "நாங்க எல்லாரும் வாங்கணும்னா யாராவது விக்கணும்ல? அவங்களுக்கு ஏன் இந்தத் தள்ளுபடி வேண்டாம்?" என்று இந்தியிலேயே கேட்டார். மேடையில் இருந்தவர் சிரித்துச் சமாளித்து, திரையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். வெளியே தேநீர் மேசையில் நான் தமிழில் பேச்சுக் கொடுத்தேன். கையில் இருந்த சமோசாவைக் காட்டி, "இது நல்லாருக்கு. இங்க நம்புற மாதிரி இருக்கிறது இது ஒண்ணுதான்" என்றார்.

அப்படித்தான் எங்கள் சனிக்கிழமைச் சந்திப்பு தொடங்கியது. ஔந்தில் ஓர் உடுப்பி ஓட்டல். கோமதி அக்கா, ஜாபர் பாய், என்னோடு வேலை பார்க்கும் சென்னைக்காரன் பிரகாஷ், நான். எங்களில் யாரும் பெரிய ஆட்கள் இல்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்ததைப் பங்குகளில் போட்டுவிட்டு, சரியாகத்தான் செய்திருக்கிறோமா என்று வாராவாரம் பயந்துகொண்டிருந்தவர்கள். நாங்கள் ஒரு கம்பெனியின் பெயரைச் சொன்னால் அக்கா முதலில் கேட்பது, "இது யார் சொல்லி உனக்குத் தெரிஞ்சுது?" என்பதுதான்.

வீழ்ச்சி ஆழமாகிக்கொண்டே போன மாதத்தில் பிரகாஷ் ஒரு கம்பெனியின் பெயரோடு வந்தான். பெயர் இங்கே வேண்டாம். சாக்கன் பக்கம் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் சின்ன கம்பெனி. விலை பாதிக்கும் கீழே வந்திருந்தது. அவனுடைய மச்சான் அங்கே வேலை பார்க்கிறான், பெரிய ஆர்டர் வரப்போகிறது என்கிறான். எனக்கு உடனே வாங்கிவிட வேண்டும் போல இருந்தது. ஜாபர் பாய் யோசிப்பதாகச் சொன்னார். அக்கா கம்பெனியின் பெயரை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அடுத்த சனிக்கிழமை வரைக்கும் யாரும் வாங்காதீங்க" என்றார்.

அந்த வாரம் அவர் பஸ் பிடித்து சாக்கனுக்குப் போயிருக்கிறார். கம்பெனி வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் இரண்டு நாள் பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். திரும்பி வந்து எங்களிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"முன்னாடி மூணு பஸ்ல ஆள் வருமாம். இப்ப ஒண்ணுதான் வருது, அதுலயும் பாதி சீட்டு காலி. ஆனா நான் பார்த்தது அதில்ல. லாரி உள்ள போகுது பாருங்க, அதுல இருக்கிற பெட்டி மேல அவங்க கம்பெனி பேருதான் போட்டிருக்கு. அவங்க அனுப்பின சரக்கு அவங்க கேட்டுக்குள்ளயே திரும்பப் போகுது. நான் முப்பது வருஷம் திருப்பி அனுப்பினவ. எனக்குத் தெரியாதா? வாங்காதீங்க."

பிரகாஷ் தலையைக் குனிந்துகொண்டான். நான் ஒத்துக்கொள்வது போலத் தலையாட்டினேன். காபி வந்தது. அப்போதுதான் மேசையில் இருந்த அக்காவின் போன் ஒளிர்ந்தது. அவருடைய புரோக்கரிடமிருந்து ஒரு செய்தி. திங்கட்கிழமைக்கான உங்கள் ஆர்டர் பதிவாகிவிட்டது என்ற முதல் வரியும், அதன் கீழே அதே சாக்கன் கம்பெனியின் பெயரும் தெரிந்தன. அதற்கு மேல் படிப்பதற்குள் அக்கா போனைக் கவிழ்த்து வைத்தார். மேசையில் எதுவும் நடக்காதது போல ஜாபர் பாயிடம் அவருடைய பேத்தியைப் பற்றி விசாரித்தார்.

அவர் போனைக் கவிழ்த்த விதம்தான் என்னைக் கெடுத்தது. எங்களை வாங்காதே என்று சொல்லிவிட்டு அவர் வாங்குகிறார். விலை இன்னும் இறங்கட்டும் என்று எங்களை ஒதுக்கி வைக்கிறார். டீக்கடை, லாரி, பெட்டி எல்லாம் கதை. இப்படித்தான் என் புத்தி போயிற்று. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிரகாஷிடம் மட்டும் சொன்னேன். "அதானே பார்த்தேன், அந்தம்மா எதுக்கு ரெண்டு நாள் வேலை மெனக்கெட்டுப் போகணும்?" என்றான். புதன்கிழமை காலை அலுவலக மாடிப்படியில் நின்றுகொண்டு இருவரும் வாங்கினோம். அந்தச் சனிக்கிழமை உடம்பு சரியில்லை என்று சொல்லி நான் ஓட்டலுக்குப் போகவில்லை.

அடுத்த வாரம் கம்பெனியே அறிவித்தது. முக்கியமான வாடிக்கையாளர் சரக்கு எடுப்பதை நிறுத்திவிட்டார். அதன்பிறகு தினமும் சந்தை திறந்ததும் அந்தப் பங்கு அன்றைக்கு இறங்கக்கூடிய எல்லை வரை இறங்கி அப்படியே நின்றது. விற்க வரிசை இருந்தது, வாங்க ஆள் இல்லை. மகளின் கல்லூரிக்கென்று நான் ஒதுக்கியிருந்ததில் ஒரு பகுதி அதில் மாட்டிக்கொண்டது. என் மனைவியிடம் பத்து நாள் இதைச் சொல்லவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நிக்டிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். அவரும் மாட்டியிருப்பார், அதைப் பார்க்க வேண்டும் என்ற ஒரு கெட்ட ஆசையும் எனக்கு இருந்தது. அக்கா கூடத்தில் உட்கார்ந்து வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, அந்த சாக்கன் பங்கை நீங்களும் வாங்கினீங்கதானுங்க?"

"நான் எங்க வாங்கினேன்? வித்தேன்."

எனக்குப் புரியவில்லை. போனில் ஆர்டர் செய்தியைப் பார்த்ததைச் சொன்னேன். அவர் கீரையைத் தட்டில் வைத்தார்.

"அது என் வீட்டுக்காரர் வாங்கி வச்சது. அவர் போனப்புறம் விக்க மனசு வரல. வித்தா அவர் எடுத்த முடிவு தப்புன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும்னு எட்டு வருஷம் வச்சிருந்தேன். உங்ககிட்டல்லாம் அவ்வளவு பேசிட்டு இத எப்படிச் சொல்ல? வெக்கமா இருந்துச்சு. அதான் போனக் கவுத்தேன்." பிறகு கேட்டார்: "நீ ஏன் இத இப்ப கேக்க? வாங்கிட்டியா?"

"ஆமாங்கக்கா. நானும் பிரகாஷும்."

"என்னைக்கு?"

"புதன்கிழமைங்க."

உள்ளே குக்கர் விசில் அடித்தது. அக்கா எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"சாக்கன்லேர்ந்து வந்ததுலேர்ந்து தினமும் காலைல விக்கப் போடுவேன். போகாது. அந்தப் பங்குக்கு வாங்குற ஆளே கிடையாது. புதன்கிழமை மட்டும் பாதி போச்சு."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்தது. சந்தையில் யார் விற்றது யார் வாங்கியது என்று முகம் தெரியாது. ஆனாலும் ஆளே இல்லாத அந்தப் பங்கை அன்றைக்கு வாங்கியவர்கள் நாங்கள்தான் என்பதில் இருவருக்கும் பெரிதாகச் சந்தேகம் இருக்கவில்லை. நான் கிளம்பலாம் என்று எழுந்தேன். அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"இன்னொண்ணு சொல்லுதேன், கேட்டுட்டுப் போ. அன்னைக்கு நான் வாங்காதீங்கன்னு சொன்னப்ப பிரகாஷ் தலையக் குனிஞ்சான். இவன் வாங்கத்தான் போறான்னு தோணிச்சு. புதன்கிழமை பாதி போனதும், இது நம்ம ஆளுங்கதானோன்னு நினைச்சேன். மீதி அப்பவும் விக்கிற வரிசையிலதான் இருந்துச்சு. அத ரத்து பண்ணியிருக்கலாம். ஒரு போன் போட்டு உங்ககிட்ட கேட்டிருக்கலாம். ரெண்டும் செய்யல."

"ஏங்கக்கா?"

"கேட்டா உங்கள நிறுத்தணும்லா. எனக்கு விக்கணும்."

ஔந்துக்குத் திரும்பி வரும் வழியில் இந்த ஒப்புதலையும் சந்தேகப்பட்டேன். இதைச் சொல்லி என்னிடம் என்ன எதிர்பார்க்கிறார், பிரகாஷிடம் நான் எதையும் சொல்லாமல் இருக்கவா என்று யோசித்தேன். ஆனால் அடுத்த சனிக்கிழமை, பிரகாஷையும் ஜாபர் பாயையும் வைத்துக்கொண்டு, எனக்குச் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் அவரே சொன்னார். பிரகாஷ் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போனான். இரண்டு மாதம் வரவில்லை. ஜாபர் பாய் தட்டைப் பார்த்தபடி, "சொல்லாம இருந்திருக்கலாமே கோமதிம்மா" என்றார்.

சில மாதங்கள் கழித்து ஒரு நாள் காலை அலுவலகத்தில் இருந்தபோது அக்கா அழைத்தார். "இன்னைக்கு அந்த சாக்கன் பங்க வாங்க கொஞ்சம் ஆள் நிக்கான். நீயும் பிரகாஷும் முதல்ல விக்கப் போடுங்க. நீங்க ரெண்டு பேரும் வெளிய வந்தப்புறம் நான் போடுதேன்." அவருடைய மீதிப் பாதி அப்போதும் அவரிடம்தான் இருந்தது. முந்திக்கொண்டிருந்தால் அவர் விற்றிருக்கலாம். இதில் என்ன சூழ்ச்சி என்று பிரகாஷ் கேட்டான். கேட்டுக்கொண்டே விற்றான். நானும் விற்றேன். நஷ்டம்தான், ஆனால் முழுதும் போகவில்லை. மதியம் அக்காவை அழைத்து எங்களுடையது போய்விட்டது என்றேன். அவர் போடுவதற்குள் வாங்க நின்றவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

அக்கா இறந்த பதினோராம் நாள் நிக்டிக்குப் போயிருந்தோம், பிரகாஷும் கூட. அக்காவின் மகள் தட்டுத்தடுமாறிய தமிழில், அம்மாவின் கணக்கில் ஒரு கம்பெனிப் பங்கு மட்டும் விற்க முடியாமல் கிடக்கிறது, அம்மா ஏன் இதை வைத்திருந்தார் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். பிரகாஷ் என்னைப் பார்த்தான். பிறகு அவனே அவள் எதிரில் உட்கார்ந்து, மச்சான் சொன்னதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான்.

சந்தை இப்போது மறுபடியும் இறங்கிக்கொண்டிருக்கிறது. வாங்கலாமா, பொறுக்கலாமா என்று மூன்று பேரும் அதே ஓட்டலில் பேசிக்கொண்டிருக்கிறோம். எங்களுக்கு இன்னும் தெரியவில்லை, அக்கா இருந்திருந்தாலும் நிச்சயமாகத் தெரிந்திருக்காது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது பங்குகளைப் பற்றிய எதுவும் இல்லை. அன்று அந்தக் கூடத்தில், அவர் மேல் எனக்கு இருந்த சந்தேகம் பொய் என்று தெளிந்தது. அவர் அத்தோடு நிறுத்தியிருக்கலாம், நான் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருப்பேன். அதற்குப் பதிலாக, எனக்குத் தோன்றியே இராத இன்னொரு சந்தேகத்தை, நாங்கள் வாங்குவதை ஊகித்தும் தடுக்காமல் விட்டார் என்பதை, அவரே எடுத்து என் முன்னால் வைத்து, அது உண்மை என்றும் சொன்னார். அப்படிச் செய்த வேறொருவரை எனக்குத் தெரியாது.