வலது பின்சக்கரம்

"மிதிங்க அத்தை… மிதிங்க… மிதிச்சுப் பிடிங்க!"

குரல் வலது பின்சக்கரத்தடியிலிருந்து வரும். ஜாக்கியில் தூக்கிய பழைய வெள்ளை வோச்சோ டாக்சிக்குக் கீழே நிக்கனோர் மல்லாந்து கிடப்பான். ஓட்டுநர் இருக்கையில் அவன் மாமியார் தொமித்திலா. புண்பட்ட இடது காலைக் கதவுக்கு வெளியே தொங்கவிட்டு, வலது காலால் பிரேக்கை அழுத்தி, "பிடிச்சிருக்கேன்" என்பாள். பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற அவன் நிப்பிளைத் திறப்பான். குழாய் வழியே ஆயில் பாட்டிலில் இறங்கும். மூடிவிட்டு, "விடுங்க" என்பான். மலையூரான தாஸ்கோவில் எங்கள் மேட்டுத்தெருவுக்குச் சனிக்கிழமை விடிவதே இப்படித்தான்.

தெருவில் இறங்கும் டாக்சிக்காரன் சிரிலோ ஹாரனடித்துக் கேட்பான்: "என்னய்யா, இன்னைக்கும் கறக்குறியா? எத்தனை படி?" நிக்கனோர் பாட்டிலை நேராக்கி வைப்பான். ஒடிசலான ஆள், தாடையில் ஒரு தழும்பு. சமதரையில் வண்டியை நிறுத்தினாலும் சக்கரத்துக்குக் கல் வைப்பான். சரிவில் நடந்து இறங்கும்போதுகூட வலது காலை அழுத்தி அழுத்தித்தான் வைப்பான்.

தொமித்திலா என் பெரியம்மா மகள். அவளுக்கு ஒரே பெண், நிக்கனோருக்கு வாழ்க்கைப்பட்ட எல்பிதியா. முன்பெல்லாம் நிக்கனோருக்கு மிதித்துக்கொடுத்தவள் அவள்தான். ஒருநாள் அவள் சோளம் அரைக்கப் போயிருந்தாள். "வந்து மிதிக்கிறேன், பொறுய்யா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். இவன் பொறுக்கவில்லை. இருக்கைக்கும் பிரேக் மிதிக்கும் நடுவே கட்டையை முட்டுக்கொடுத்து, தனியாளாகக் காற்றெடுத்தான். நிப்பிளைத் திறந்ததும் மிதி இறங்கியது, கட்டை நழுவியது, மிதி மேலெழும்பி வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. கீழே கிடந்தவனுக்கு அது எங்கே தெரியும்? சாயங்காலம் அவளைப் பின்னிருக்கையில் உட்காரவைத்து இறக்கத்தில் விட்டான். மிதி தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை. இவனுக்குத் தழும்போடு போயிற்று. அவளை நாங்கள் கல்லறைக்குச் சுமந்துகொண்டு போனோம்.

அதற்குப் பிறகு அந்த வண்டியில் ஆளேற்றுவதில்லை. தண்ணீர் கேன், சோளமூட்டை, கோழிக்கூண்டு, அவ்வளவுதான்.

தொமித்திலாவுக்குச் சர்க்கரை. கால்புண் கறுத்துவிட்டது. கீழே ஆஸ்பத்திரிக்கு வராவிட்டால் காலை எடுக்கவேண்டியிருக்கும் என்று நர்ஸ் சொல்லியனுப்பியாயிற்று. சிரிலோ வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். "நீ போடா. என் மாப்ள ஓட்டினா வர்றேன். இல்லேன்னா கால் போகட்டும்" என்று திருப்பியனுப்பிவிட்டாள். என்ன பிடிவாதமோ.

போன சனிக்கிழமை நானும் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"குமிழி வருதா மாப்ளே?"

"இல்ல அத்தை."

"போன வாரம் வந்துச்சா?"

"இல்ல."

"அப்புறம் எதைத்தான் தேடிக்கிட்டிருக்க?"

கீழே ஸ்பேனரை நிப்பிளில் மாட்டும் சத்தம். பிறகு, "இன்னொரு தடவை மிதிங்க அத்தை."

அவள் மிதிக்கவில்லை. கதவைப் பிடித்து இறங்கி, காரைச் சுற்றி நொண்டிப்போய், பின்னிருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். "ஆஸ்பத்திரிக்கு விடு."

நிக்கனோர் எழுந்துவந்தான். ஜாக்கியை இறக்கினான். கையைத் துடைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். மிதியை அழுத்திப் பார்த்தான், கல்லாக நின்றது. மறுபடி அழுத்தினான். சாவியில் கைவைத்தவன், திருகவில்லை.

இறங்கினான். மறுபக்கம் போய் அவள் கதவைத் திறந்தான். அவளுக்கு முதுகைக் காட்டி, கல் பாவிய தெருவில் குத்துக்காலிட்டு, இரண்டு கைகளையும் பின்னால் நீட்டினான்.