ரோமாபுரி வீரனும் மஞ்சள் காப்பும்

பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் நான் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருந்த காலம். ஈப்போவில் இங்கிலீஷ் படித்த திமிர் இன்னும் இறங்கவில்லை. ஒருநாள் ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகையில், பழங்கால ரோமாபுரி வீரன் ஒருவன் பகையரசன் முன்னால் வலக்கையை நெருப்பில் வைத்து, முகம் சுளிக்காமல் நின்ற கதையைச் சொன்னேன்.

"எந்த அம்மனுக்கு நேர்த்தி, கிராணியாரே?" என்றாள் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டும் அக்கா ஒருத்தி.

"நேர்த்தியெல்லாம் இல்ல. துணிச்சல் இருந்தா யாரும் செய்யலாம். நான்கூடச் செய்வேன்."

கொட்டகையில் பதினாறு பேர். ஒருவருக்காவது காது மந்தமாக இருந்திருக்கக் கூடாதா?

அடுத்த வாரம் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. விபூதி வாங்கக் கை நீட்டினேன். பெரிய கங்காணி மஞ்சள் கோத்த நூலை என் மணிக்கட்டில் கட்டிவிட்டார்.

"கிராணியார் தீ மிதிக்கிறாரு. வாய்விட்டுச் சொல்லிட்டாருல்ல!"

காப்புக் கட்டியவன் தீமிதி முடியும்வரை தோட்டத்து எல்லை தாண்டக் கூடாது. ஈப்போவுக்கு ஓடும் வழியும் அடைபட்டது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தடுப்பார் என்று போனேன். அவர் வேடிக்கை பார்க்க நாற்காலி போடச் சொன்னார்.

மிச்சம் என் நண்பன், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர். சர்ச்சுக்குப் போகும் வேதக்காரன்.

"ரோமாபுரியில நண்பன்னா ஆபத்துல பக்கத்துல நிப்பான்டா."

"நிக்கிறேன் மச்சான். குழிக்கு வெளியில. தீப்புண் மருந்தோட."

தீமிதி நாளன்று குழிக்கு மூன்று வண்டி விறகு. நான் எண்ணினேன், ஒரு வண்டி போதாதா? வீரனைப் போல நிதானமாக நடப்பதென்று முதல் அடி வைத்தவன், அப்புறம் ஓடினேன். குழியோரமாக டிரெசரும் சப்பாத்தைக் கழற்றாத காலோடு கூடவே ஓடிவந்தான்.

"மெதுவா போ லா! ரோமாபுரிக்காரன் ஓடல!"

"அவன் நின்ன இடத்துல கையத்தான்டா வச்சான்!"

நெருப்பின் முடிவில் இருந்த பால்குழியில் குதித்து, கால்விரல்களை எண்ணினேன். பத்தும் இருந்தன, ஒரு கொப்புளம்கூட இல்லை. அப்போதுதான் பின்னால் அலறல். நான் ஓடிய வேகத்தில் தெறித்த கங்கு ஒன்று அவன் சப்பாத்துக்குள் விழுந்திருந்தது. அவன் மருந்தை அவன் காலுக்கே நான் பூசினேன்.

"சப்பாத்தோட குழியோரம் வந்தா ஆத்தா விடுவாளா?" என்றாள் அந்த அக்கா.

"அடுத்த வருசம் மிதிச்சிக் கழிச்சிடலாம்" என்று பெரிய கங்காணி அவன் மணிக்கட்டைப் பார்த்தார்.

அடுத்த திருவிழாவுக்குள் அவன் பாகான் செராய்ப் பக்கம் மாற்றல் வாங்கிவிட்டான். வழியனுப்பப் போனேன். அங்கேயும் மாரியம்மன் கோயில் உண்டு என்று சொல்ல வாயெடுத்து, நட்பை நினைத்து மூடிக்கொண்டேன்.