பஸ்ஸில் ஏறிய பிரம்பு

என் தங்கை மகள் யாழினி திங்கட்கிழமை ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு மாதமாக அவளிடம் நான் செய்த பிரசாரத்தை எந்தக் கட்சியும் எந்தத் தேர்தலிலும் செய்திருக்காது.

இன்று டவுனில் புதுப் பை வாங்கிக்கொண்டு பாளையங்கோட்டை பஸ் ஏறினோம். பையை முதுகிலிருந்து கழற்ற மறுத்து, சீட்டு நுனியில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டு வந்தாள். செருப்பு பக்கத்தில் நின்ற பெரியவரின் வேட்டியில் பட்டுவிட்டது.

"ஏட்டி, பள்ளிக்கூடத்துக்குப் போ. அங்கன டீச்சரம்மா பிரம்பாலயே காலை ஒடிச்சிருவாவ."

"அண்ணாச்சி, பச்சப்பிள்ளைய ஏன் பயமுறுத்துதீய?"

"பயம் இருந்தாத்தாம்வே படிப்பு ஏறும்."

எனக்கு வந்த கோபத்தில் தாமிரபரணி கொதித்து, பஸ் தாண்டிய பாலத்தடியில் மீனெல்லாம் குழம்பாகியிருக்கும். அவர் இறங்கும்வரை கத்தினேன். கண்டக்டர் என்னைத்தான் அதட்டினார்.

யாழினி பையைக் கழற்றி என் மடியில் வைத்தாள். "நான் பள்ளிக்கூடம் போகல."

"அடிக்க மாட்டாவட்டி. ஒங்க டீச்சரை நேத்து பாத்தேன். நல்லா சிரிச்சுப் பேசுதாவ."

இது சத்தியமான உண்மை.

"நீ பொய் சொல்லுவ மாமா. அங்க யானைதான் மணியடிக்கும்னு சொன்னேல்லா?"

சொன்னேன். தும்பிக்கையால் அடிக்கும் என்றுகூடச் சொன்னேன்.

பேர் தெரியாத பெரியவரை நம்புகிறாள், சொந்த மாமனை நம்பவில்லை. ஆகவே நண்பர்களே, திங்கட்கிழமைக்குள் யாராவது வீட்டுக்கு வந்து, டீச்சர் அடிக்கமாட்டார் என்று சொல்லிவிட்டுப் போங்கள். என்னைத் தெரியும் என்று மட்டும் காட்டிக்கொள்ள வேண்டாம்.