எந்த ஸ்விட்ச்?

“ஏனுங் தொட்டையண்ணா, இத்தனை சத்தம் போட்டா ஃபோன் எதுக்குங்? கொள்ளேகாலுக்கு இங்கிருந்தே கேட்டுருமே!” என்று கண்ணாடிக் கூண்டைத் தட்டிக்கொண்டிருக்கிறார் நாச்சம்மாள். அடுத்து உள்ளே போகும் கல்லூரிப் பெண் கிசுகிசுக்கிறாள். அவளையும் விடுவதில்லை. “ஸ்வல்ப ஜோரா, கொஞ்சம் சத்தமா பேசு தாயி. அவனுக்குக் கேட்டாத்தானே பொய்யாவது சொல்லுவான்?”

மைசூர் அசோகா ரோட்டில் எஸ்.டி.டி. பூத் நடத்தும் இந்த அம்மாள் ஐந்தடிகூட இல்லை. குரல் மட்டும் ஆறடி. தமிழில் ஆரம்பித்து, கோபம் வந்தால் கன்னடத்துக்குத் தாவி, கோபம் மிஞ்சினால் கொள்ளேகால் தமிழுக்கே திரும்பிவிடுவார். ஒட்டுக்கேட்பதாக யாராவது சொன்னால் பொறுக்காது. “காது அது பாட்டுக்குக் கேக்குது. நானா கேக்கறேன்?”

மகன் மதன் ஒரு சிறிய விமானத்தில் துணை விமானி. போன மழைக்காலத்தில் அது மலையில் மோதியது. கேப்டனும் அவனும் போய்விட்டார்கள். கருப்புப் பெட்டி கிடைத்தது. அதிலிருந்த கடைசி அரைமணி நேரப் பேச்சில் மதனின் குரலை அடையாளம் காட்டச் சொல்லி, விசாரணை அதிகாரி பசவராஜ் போன வாரம் டேப்போடு பூத்துக்கே வந்தார்.

மதனின் குரல் வந்ததும் நாச்சம்மாள் சொன்னார்: “சளி புடிச்சிருக்குது இவனுக்கு.”

டேப்பில், மேகத்துக்குக் கீழே இறங்கிவிடலாமா என்று கேப்டன் கேட்கிறார். இஞ்சின் இரைச்சல். நடுவே சின்னதாக ஒரு சொடுக்கு. விமானம் இறங்குகிறது.

“மகன் ஒண்ணும் சொல்லலம்மா. அது ஸ்விட்ச் சத்தம். துணை விமானி தடுக்கலைன்னு ரிப்போர்ட்ல வருது” என்றார் பசவராஜ், தயங்கித் தயங்கி.

“ஸ்விட்ச்சா? அது அவன் ‘ப்ச்’சுங்க! இன்னொரு தோசை வெக்கட்டுமாடான்னா ‘ப்ச்’. பொண்ணு பாக்கட்டுமான்னா ‘ப்ச்’. வேண்டாம்னு வாயைத் தொறந்து சொன்னதே இல்லை எம்பட பையன்.”

“இருக்கலாம்மா. அந்த கேப்டன் வடக்கத்திக்காரர், அவருக்கே புரிஞ்சிருக்காது. டேப்புல சத்தம்தான் பதியும். தலையாட்டினது, கையைக் காட்டினது எதுவும் பதியாது.”

“சரி, எந்த ஸ்விட்ச்சு?”

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கொத்தில்லம்மா, தெரியாது. விமானத்துல இன்னொரு பெட்டியும் இருந்தது, அது உயரம், வேகம், திசைன்னு கொஞ்சம்தான் எழுதும். பழசு. எல்லா ஸ்விட்ச்சும் அதுல வராது.”

“உங்க பெட்டிக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அப்புறம் எப்படிங் ஸ்விட்ச்னு எழுதிப்போட்டீங்க? என்ன சத்தம்னு தெரியலைன்னு எழுதுங்க சாமி. பையன் சும்மா உக்காந்திருந்தான்னு மட்டும் எழுதாதீங்க.”

“தாய் சொன்னாங்கன்னு மாத்த ஆகாதும்மா. டேப்பைக் கேக்கிற மத்தவங்களுக்கும் அது ‘ப்ச்’சுன்னே கேக்கணும்.”

“அப்பக் கேப்போம்.”

நாச்சம்மாள் எழுந்தார். வாசலில் நின்றவர்களைக் கையமர்த்திக் கதவைச் சாத்தினார். தலைக்கு மேலே கடகடத்த மின்விசிறியை நிறுத்தினார். மே மாதப் புழுக்கத்தில் அதிகாரி கைக்குட்டையைத் தேடுவதற்குள், டேப்ரெக்கார்டரை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, நாடாவைப் பின்னால் ஓட்டினார்.