சவேலியின் இடது கால்

கிர்கிஸ்தானின் கரக்கோல் ஊர்க் கல்லறையில் சவேலிக்கு முன்பே அவருடைய இடது கால் போய் இடம்பிடித்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே உள்ளது மட்டும்தான். மீதிச் சவேலி வீட்டில் உட்கார்ந்து, தேநீரில் இன்னமும் மூன்று கரண்டி ஜாம் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். காலைக் கொண்டுபோனதே அந்த ஜாம்தான் என்று டாக்டர் சொன்னதை அவர் நம்பவில்லை. சர்க்கரை நோயெல்லாம் டாக்டர்கள் பிழைப்புக்குக் கட்டிய கதை, கால் போனது பாவத்தால் என்பது அவர் கட்சி. பாவத்துக்குப் பத்தியம் கிடையாது, அது ஒரு வசதி.

பாவத்துக்கும் அவரிடம் பஞ்சமில்லை. வாலிபத்தில் லாரி ஓட்டினார். மலைக் கணவாய் தாண்டி நரின் நகரத்துக்குச் சரக்கு கொண்டுபோவார். அங்கே ஒரு கடைக்காரி. ஒருமுறை சரக்கை இறக்கிய கையோடு வீடு திரும்ப மறந்துவிட்டார். மனைவி அக்லாயாவும் ஏழு வயது மகள் ரிம்மாவும் இருப்பது ஞாபகத்துக்கு வர இரண்டு வருஷம் பிடித்தது. அப்படியொரு ஞாபகசக்தி. திரும்பி வந்தவரை அக்லாயா ஏன் என்று கேட்கவில்லை. சூப்பை ஊற்றி முன்னால் வைத்தாள். சாகிறவரைக்கும் கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் மனுஷன் பிழைத்துப்போயிருப்பார்.

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் நர்ஸிடம் முதலில் கேட்டதே, "அதை எங்கம்மா வச்சிருக்கீங்க?" என்றுதான்.

"எதைத் தாத்தா?"

"என் காலைத்தான். குடு. கடைசி நாள்ல செத்தவங்க எல்லாரும் உடம்போட எந்திரிப்பாங்க. நான் மட்டும் ஆண்டவர் முன்னால நொண்டிக்கிட்டு நிக்கணுமா?"

கொடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு எசென், கிர்கிஸ்காரர், தொழுகை தவறாதவர், ஆப்பிள் பெட்டி ஒன்றில் காலை வைத்து ஆணி அடித்தார். அக்லாயாவின் சமாதிக்குப் பக்கத்தில் குழியும் தோண்டினார்.

"எங்க ஆளுங்களும் ஒருநாள் எந்திரிப்பாங்கதான், அண்ணே. ஆனா இப்படித் தவணை முறையில யாரும் போறதில்ல," என்றார்.

கிழக்கில் வரும் ஆண்டவரை எழுந்ததும் நேராகப் பார்க்க வேண்டும் என்று விரல்களைக் கிழக்கு நோக்கி வைத்தார்கள். பாதிரியார் வலேரியன்தான் முரண்டு பிடித்தார். "ஆள் உசுரோட இருக்கப்ப, காலுக்கு மட்டும் எப்படிங்க அடக்க ஜெபம் படிக்கிறது?"

"நரினுக்குப் போறப்ப கிளட்ச்சை மிதிச்சது இதான், சாமி. இதுக்குத்தான் முதல்ல படிக்கணும்," என்றார் சவேலி.

"அப்ப பிரேக்கை மிதிக்காத வலது கால் யோக்கியமா?" என்று கேட்டுவிட்டுத் தீர்த்தத்தை மட்டும் தெளித்தார் பாதிரியார்.

ஈஸ்டர் கழிந்து ஊரே கல்லறைக்குப் போகிற நாளில், மற்றவர்கள் அப்பன் ஆத்தாளுக்குச் சாயம் பூசிய முட்டை வைத்தார்கள். சவேலி அக்லாயாவுக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று வைத்தார். காலின் பங்கைக் கால்காரரே உரித்துத் தின்றார்.

அடுத்த பனிக்காலத்தின் கடைசியில், தவக்காலத்துக்கு முன்னால் வீட்டுக்கு வீடு அப்பம் சுடுகிற வாரத்தில், ரிம்மா ருஷ்யாவில் தான் இருந்த துலா நகரத்திலிருந்து வந்தாள். தெருவில் இருந்த ருஷ்யக் குடும்பங்களெல்லாம் எப்போதோ மூட்டை கட்டி ருஷ்யாவுக்குப் போய்விட்டன. வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது என்ற வயதில் சவேலி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"இந்தப் பனியில ஒத்தைக் கால்ல குழாயடிக்குப் போய் விழுந்தா யாருப்பா தூக்கறது? எசென் மாமாவுக்கும் வயசாச்சு. என்கூடத் துலாவுக்கு வந்துடுங்க. இதான் கடைசி. இனிமே வந்து கூப்பிட மாட்டேன்," என்றாள் ரிம்மா. அவள் சொன்னால் சொன்னதுதான், அம்மா வளர்ப்பு.

"காலை விட்டுட்டு எப்படிம்மா வர்றது?"

அவள் பாதிரியாரை அழைத்து வந்தாள். அப்பம் சாப்பிட்டுக்கொண்டே அவர் எடுத்துச் சொன்னார். "மண்ணாப் போனவனையே கூட்டிச் சேர்க்கிறவர் ஆண்டவர். அவருக்கு இங்கேருந்து துலாவுக்கு ஒரு காலை அனுப்பத் தெரியாதா?"

"தெரியும் சாமி. என் கவலை அது இல்ல." சவேலி கரண்டியைக் கீழே வைத்தார். "அக்லாயா எந்திரிப்பா. பக்கத்துல திரும்பிப் பாப்பா. கால் மட்டும் கிடக்கும், ஆளைக் காணோம். என்ன நினைப்பா? மறுபடியும் போயிட்டான்னுதானே?"

பாதிரியார் மெல்லுவதை நிறுத்தினார்.

"மன்னிப்பு ஞாயிறு வந்தா வருஷா வருஷம் அவ முன்னால குனிவேன். 'கடவுள் மன்னிப்பார்'னு சொல்லுவா. அதோட சரி. 'நானும் மன்னிக்கிறேன்'னு மீதியை எல்லாரும் சொல்லுவாங்க இல்ல? அவ சொன்னதே இல்ல. அதை வாங்கணும் சாமி. அதுக்குத்தான் பக்கத்துல படுக்கணும்."

ரிம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் அப்பம் தீய்ந்தது.

அந்த வார ஞாயிறே மன்னிப்பு ஞாயிறு. கோயிலில் எல்லோரும் வரிசையாக நின்று, ஒருவர் முன் ஒருவர் குனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கேட்க ஆரம்பித்தால், எங்கள் ஊர் லட்சணத்துக்கு, வரிசை ஈஸ்டர் வரை நீளும். சவேலி ஊன்றுகோலில் தொங்கியபடி மெழுகுவர்த்தி விற்பவளிடம் கேட்டார், பாடகர்களிடம் கேட்டார், முகம் தெரியாத இருவரிடமும் கேட்டார். எல்லோரும் தாராளமாக மன்னித்தார்கள். கடைசியில் ரிம்மா முன்னால் வந்தார்.

"மன்னிச்சிடும்மா."

"எதுக்கு?"

வரிசை நின்றது. பின்னால் ஒரு கிழவி இருமினாள்.

"வழக்கமா கேக்கறதுதானேம்மா..."

"எதுக்குன்னு சொல்லுங்கப்பா."

அவர் பாதிரியாரைப் பார்த்தார். பாதிரியார் கூரையில் வரைந்திருந்த புனிதர்களைப் பார்த்தார்.

"உங்கம்மாவை விட்டுட்டு..."

"அம்மா கணக்கை அம்மா எந்திரிச்சதும் பேசிக்கோங்க. லாரிச் சத்தம் கேக்கறப்பல்லாம் ஜன்னலுக்கு ஓடுனது நான். என்கிட்ட ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை. சின்னப் பிள்ளையிடம் யார் கேட்பார்கள்? வரிசையில் தலையைத் தடவிவிட்டு நகர்ந்துவிடுவார். உயிர்த்தெழப்போகும் நாளுக்குக் காலைக்கூடப் பத்திரம் பண்ணிவைத்த மனுஷருக்கு, உயிரோடு எதிரே நிற்கிறவளிடம் கடன்பட்டிருப்பது தோன்றவேயில்லை. அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊன்றுகோலை விட்டுவிட்டு, ஒரு முழுக்காலும் ஒரு மொட்டைக்காலுமாகத் தரையில் மண்டியிட்டு விழுந்தார்.

"உன்னை விட்டுட்டுப் போனேன். திரும்பி வந்தும் உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. மன்னிச்சிடு, ரிம்மா."

அவள் அக்குளில் கை கொடுத்து அவரைத் தூக்கி நிறுத்தினாள்.

"கடவுள் மன்னிப்பார்," என்றாள்.

அவர் காத்திருந்தார். கோயிலே காத்திருந்தது.

"மீதி எனக்கு இன்னும் வரலப்பா. வந்ததும் சொல்றேன். பக்கத்துல இருந்தாத்தான் சொல்ல முடியும்."

துலாவுக்குக் கிளம்புகிற அன்று எசென் அவரைக் கைத்தாங்கலாகக் கல்லறைக்குக் கூட்டிப்போனார். சவேலி கால் புதைத்திருந்த பக்கம் பார்க்கவேயில்லை. அக்லாயாவின் சிலுவையில் இருந்த பனியைத் தட்டிவிட்டார்.

"எந்திரிக்கறப்ப நான் இங்க இல்லேன்னா தப்பா நினைச்சுக்காத. இந்தத் தடவை ரிம்மாகிட்டதான் போயிருக்கேன்," என்றார்.